திவசத்துக்கு வந்த கரடி

ஜெர்மனியில் கரடி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். காட்டில் திரிந்த கரடிகளை எந்தக் காலத்திலோ சுட்டு முடித்துவிட்டார்கள். ஆனாலும் நான் அந்த நாட்டுக் காடொன்றில், கூடாரத்துக்கு வெளியே, கையில் அகப்பையோடு நின்று ஒரு கருங்கரடியைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பாதிக் கதையோடு எழுந்து போகிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். மீதிப் பாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் மன்ஹைமில் இருந்தோம். என் கணவர் பொறியியல் படிக்கவென்று வந்து, படித்து முடித்து, அங்கேயே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஊருக்கு வந்து என்னைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனார். நான் முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்தேன். அந்த ஊரில் தமிழ் கேட்க வேண்டுமென்றால் நாங்கள் இரண்டு பேரும் கதைத்தால்தான் உண்டு. கோபித்துக்கொண்டால் ஊரில் தமிழே இல்லாமல் போய்விடும். அதனாலேயே பல சண்டைகளை நான் முழுதாகப் பிடிக்கவில்லை.

தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்களிடமிருந்து அவருக்கு ஒரு வருத்தம் நோய்போலத் தொற்றியிருந்தது. முதுகில் பையைக் கட்டிக்கொண்டு மலையேறுவது, காட்டில் கூடாரம் அடித்துப் படுப்பது. வாடகைக்கு ஒழுங்கான கூரை இருக்க, சனிக்கிழமையானால் அதைப் பூட்டிவிட்டுப் போய் ஈரநிலத்தில் துணிக்குக் கீழே படுப்பதில் என்ன சுகம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“ஊரோடை ஒத்து வாழவேணுமப்பா,” என்பார்.

“ஊர்ச்சனம் பண்டி இறைச்சியும் தின்னுது. அதையும் தின்னுங்கோவன்,” என்பேன்.

சிரித்துக்கொண்டே என் பையின் வாரை இழுத்து இறுக்கிவிடுவார். நல்ல மனிதர். கோபமே வராது. கோபம் வராத மனிதரோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்பது கட்டியவளுக்குத்தான் தெரியும்.

அவருடைய தகப்பனார் இறந்த தந்தி ஒரு வேலைநாளில் வந்தது. அப்போதே விமானம் ஏறினாலும், கொழும்பில் இறங்கி ரயில் பிடித்து வீடு போய்ச் சேருவதற்குள் எரித்து முடித்திருப்பார்கள். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். மூத்தவர் மன்ஹைமில் தந்தியைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நின்றார். கொள்ளியைத் தம்பி வைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையும் அவனே செய்தான். இவர் அடுத்த நாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. நான் அழுதேன். மாமனாரைக் கலியாணத்தின்போது மட்டும் பார்த்த நான் அழ, பெற்ற பிள்ளை எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தது.

அந்த வருடம் முழுவதும் அவர் மீன், இறைச்சி தொடவில்லை. சாப்பிடும்போது இடையில் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே இருந்துவிடுவார். ஒருநாள் தானாகவே சொன்னார்.

“வருசம் முடியிற ஆட்டத்திவசத்தை என்ரை கையாலை செய்யவேணும். தம்பி அங்கை செய்யட்டும். நானும் இஞ்சை செய்யவேணும்.”

“ஐயர் இல்லையே, என்னெண்டு செய்யிறது?”

“ஐயர் வேண்டாம். நான் சமைச்சுப் படைக்கிறன். காகம் வந்து எடுத்தால் எனக்குப் போதும். அப்பா வாங்கிக்கொண்டார் எண்டு நினைச்சுக்கொள்ளுவன்.”

அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு காகம் வந்து ஒரு வாய் எடுக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வழியில்லை. யன்னல் விளிம்பில் சோறு வைத்தால் புறாக்கள் வருகின்றன, எச்சம் கீழ்வீட்டு யன்னலில் விழுகிறது என்று வீட்டுச் சொந்தக்காரி ஏற்கனவே ஏறிவந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். திதியோ தொழிற்சாலைக்குக் கோடை விடுமுறை விடும் வாரத்தில் வந்தது. காட்டுக்குப் போய்ச் செய்வோம், அங்கே காகம் இருக்கும், கேட்க ஆளும் இருக்காது என்றார் அவர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அரிசி, பருப்பு, சவ்வரிசி, தகரத்தில் அடைத்த ரின்பால், முந்திரிகை வற்றல், கற்பூரம், திருநீறு எல்லாவற்றையும் பைகளில் அடைத்தோம். அந்த நாட்டுக் காட்டுக்குள் திவசச் சாமான் சுமந்துபோன முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

பிரெஞ்சு எல்லைப் பக்கமாக விரிந்து கிடக்கும் காடு அது. ரயிலிலிருந்து இறங்கி நடந்தோம். காடு தொடங்கும் இடத்தில் ஒரு சாப்பாட்டு விடுதி. நடக்க வருகிறவர்கள் அங்கே தங்கி, பியர் குடித்து, கேக் தின்றுவிட்டுப் போவார்கள். விடுதி முற்றத்தின் ஓரத்தில் இரும்புக் கூடு. அதற்குள் அந்தக் கரடி.

அருகிலிருந்த முகாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் குட்டியாக வைத்து வளர்த்த கருங்கரடி அது. அவர்களுடைய ஊர்க்கரடி. பட்டாளம் மாற்றலாகிப் போனபோது வளர்ந்துவிட்ட கரடியைக் கொண்டுபோக முடியாமல் விடுதிக்காரியிடம் விட்டுவிட்டுப் போனார்களாம். அந்த அம்மாவே எங்களுக்குச் சொன்னார். வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். புருசன் போரில் போனவர். தமையனோடு விடுதியை நடத்தினார். கரடியைப் பற்றிக் கதைக்கும்போது அவருடைய குரல் மாறியது.

கூட்டுக்குள் அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தது. நடந்து நடந்து சீமெந்துத் தரையில் தடம் விழுந்திருந்தது. இடுப்புப் பக்கம் மயிர் கொட்டியிருந்தது. சாப்பிட வந்த ஒரு குடும்பம் கேக் துண்டோடு கூட்டுக்குக் கிட்டப் போனது. கரடி உடனே நடையை நிறுத்தியது. பின்காலில் எழுந்து நின்று, முன்கால்கள் இரண்டையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு, தலையைச் சரித்தது. சிப்பாய்கள் பழக்கியதாம். எல்லாரும் கைதட்டினார்கள். கேக் உள்ளே விழுந்தது. தின்றுவிட்டு மறுபடியும் நடக்கத் தொடங்கியது.

இவர் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.

“வாருங்கோ, போவம்,” என்றேன். எனக்கு அந்த இடமே பிடிக்கவில்லை.

“பாவம்,” என்றார்.

விடுதிக்காரிக்குக் காட்டுக்குள்ளே ஓடைக்கரையில் ஒரு புல்வெளி சொந்தமாக இருந்தது. அங்கே கூடாரம் அடித்துக்கொள்ளச் சொன்னார். அடித்தோம். மறுநாள் திதி.

விடிந்ததும் அவர் ஓடையில் முழுகினார். கோடையிலும் அந்தத் தண்ணீர் எலும்பைத் தொடும். ஈரவேட்டியோடு ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைத்தார். என்னை உதவிக்கு விடவில்லை. நான் காய் வெட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான். சோறு, பருப்பு, பால்மா கரைத்து விட்ட உருளைக்கிழங்குக் கறி, சவ்வரிசிப் பாயசம். மாமனாருக்கு ரின்பால் விட்ட பாயசமென்றால் உயிர். நீரிழிவு வந்து ஒருவரும் கொடாமல் விட்டபிறகும், களவாக ரின்னில் விரல் விட்டு நக்குவாராம். அதனால் இவர் ஒரு ரின் முழுவதையும் கவிழ்த்தார்.

வாழையிலைக்கு எங்கே போவது? ஓடைக்கரையில் சேம்பிலைபோல அகன்ற இலையொன்று வளர்ந்திருந்தது. அதைக் கழுவி விரித்துப் படைத்தார். கற்பூரம் கொளுத்தி, விழுந்து கும்பிட்டார். பிறகு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வேறொரு இலையில் வைத்து, புல்வெளி நடுவிலிருந்த தறித்த மரக்குற்றியில் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்று கூப்பிட்டார்.

“கா... கா... கா...”

காகங்கள் இருந்தன. ஊசியிலை மரத்து உச்சிகளில் கரேலென்று உட்கார்ந்திருந்தன. எங்களூர்க் காகமென்றால் கூப்பிட முன்னமே இலைக்கு வந்துவிடும். குசினிக்குள் புகுந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற சாதி அது. இதுகள் கிட்டவே வரவில்லை. அவர் குரல் கொடுக்கக் கொடுக்க ஒன்றிரண்டு எழுந்து தூரப் போயின. அந்த நாட்டில் காகத்தை யாரும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. கண்டால் சுடுவார்கள். கூப்பிடும் மனிதக் குரலுக்கு அவை என்ன அர்த்தம் வைத்திருக்கும்?

மத்தியானம் ஆனது. வெயில் சாய்ந்தது. காகம் எடுக்காமல் அவர் சாப்பிட மாட்டார். அவர் சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது? பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்கு முதலில் பறப்பது பொறுமை.

“முந்தியே அதுகளிட்டை நேரம் குறிச்சு ஒரு டெர்மின் எடுத்திருக்கவேணும். இந்த நாட்டிலை டெர்மின் இல்லாமல் ஆர் வருவினம்?”

அவர் சிரிக்கவில்லை. “நீர் சாப்பிடும். நான் பொறுக்கிறன்,” என்றார். அவர் முகத்தைப் பார்த்தபிறகு எனக்குப் பகிடி விடும் எண்ணம் போய்விட்டது. செத்த வீட்டுக்குப் பிந்தி வந்து, சாத்தின கதவுக்கு முன்னால் நிற்கிறவரின் முகம் அது.

வெயில் இறங்கும் நேரம். நான் அகப்பையைக் கழுவிக்கொண்டு வந்தேன். புல்வெளியின் மறுபுறம் புதர் அசைந்தது. மாடு என்றுதான் முதலில் நினைத்தேன். தலையைத் தாழ்த்திக்கொண்டு, அவசரமில்லாமல், உள்ளங்கால் பதிய நடந்து வந்தது கரடி.

எனக்குக் கரடி தெரியும். என் தகப்பனார் வவுனியாவில் வேலை பார்த்தவர். அங்கே ஆஸ்பத்திரி வாசலில், தேன் எடுக்கப் போய்க் கரடியிடம் அகப்பட்ட ஒருவரைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்து முகம் அவருக்கு இல்லை. வன்னிச் சனம் யானைக்குப் பயப்படாத அளவுக்குக் கரடிக்குப் பயப்படும். அந்த முகம்தான் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அகப்பையை இறுக்கிப் பிடித்தேன்.

“அசையாதையும்,” என்றார் இவர் மெல்ல. “அது கூட்டிலை நிண்ட கரடி.”

கரடி நேரே மரக்குற்றிக்குப் போனது. காகத்துக்கு வைத்த இலையை மணந்தது. சோற்றைத் தின்றது, பருப்பைத் தின்றது, பாயசத்தை நக்கி இலையையும் சேர்த்துத் தின்றது. பிறகு இவரைப் பார்த்துத் திரும்பி, பின்காலில் எழுந்து, முன்கால்களை நெஞ்சுக்கு நேரே தூக்கித் தலையைச் சரித்தது. அடுப்படியிலிருந்த பாயசப் பானையை இவர் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போனார். என் உயிர் போய் வந்தது. பானையை அதன் முன்னால் வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றார். அது தலையை உள்ளே விட்டு, பானை உருள உருள நக்கி முடித்தது. பிறகு வந்த வழியே புதருக்குள் போய்விட்டது.

இவர் ஓடைக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “போடும்,” என்றார். ஆறிப்போன சோற்றைப் போட்டேன். ஒரு வருடமாக நான் காணாத விதமாய்ச் சாப்பிட்டார். மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டார். அப்பா வந்தார், அப்பாதான் என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். இயந்திரம் படித்த மனிதர், அப்படியொன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிவிட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன். பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கும் சந்தோசமாக இருந்தது.

அடுத்த நாள் காலை விடுதிக்காரியும் காட்டதிகாரியும் வந்தார்கள். பச்சைத் தொப்பி, தோளில் துப்பாக்கி. கூட்டைக் கழுவிவிட்டுத் தமையன் தாழ்ப்பாளைச் சரியாகப் போடாமல் விட்டிருக்கிறார். கரடி வெளியே வந்துவிட்டது. அதன் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுக்கப் போன தமையனின் கையைக் கிழித்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆளைக் காயப்படுத்தின மிருகம் காட்டில் திரிய முடியாது என்பது மேலிடத்து உத்தரவு. விடுதிக்காரியின் கண்கள் வீங்கியிருந்தன.

கண்டீர்களா என்று காட்டதிகாரி கேட்டார். இவர் பொய் சொல்லத் தெரியாதவர். நான் வாய் திறக்க முன்னமே, நேற்று இங்கே வந்தது, நாங்கள் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டது என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

மிருகக்காட்சிச்சாலை வைத்தியர் ஒருவர் மயக்கமருந்துத் துப்பாக்கியோடு வந்துகொண்டிருக்கிறார், கரடி திறந்த வெளிக்கு வந்து ஓரிடத்தில் நின்றால் சுடாமலே பிடிக்கலாம் என்றார் காட்டதிகாரி. ஆனால் அதை எப்படி வரவழைப்பது?

“நான் வரவழைக்கிறேன்,” என்றார் இவர். “நேற்றுச் சமைத்ததையே இன்றைக்கும் சமைக்கிறேன். வரும். நீங்கள் சுடக் கூடாது.”

வைத்தியர் வரும்வரை தான் சுடப்போவதில்லை என்று காட்டதிகாரி கையை நீட்டினார். அந்த நாட்டில் கைகொடுத்துவிட்டால் அது எழுதிக் கொடுத்த மாதிரி. இவர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடுதிக்காரி இவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் கொஞ்சம் தள்ளிப் போனதும் நான் கேட்டேன்.

“திரும்பவும் அந்தக் கூட்டுக்கை போட்டுப் பூட்டப் போறாங்கள். அதுக்கோ நீங்கள் சமைக்கிறியள்?”

“உயிரோடை இருக்குமெல்லோ.”

“அதுவும் ஒரு உயிரோ?”

“இஞ்சை பாரும்,” என்றார். “எங்கடை சோத்தைத் திண்டது. அதைச் சாக விட ஏலாது.”

நான் காய் வெட்டினேன். ஆனால் என் மனம் ஒப்பவில்லை. ஒரு திவசத்துக்கு இரண்டாம் படையல் வைப்பதை எங்கள் சனம் செய்யாது. ஏன் என்று கேட்டால் எனக்கும் காரணம் தெரியாது. செய்வதில்லை, அவ்வளவுதான்.

சோறு வெந்தது. பாயசம் கொதித்தது. வைத்தியர் வரவில்லை. விடுமுறைக் காலத்து வீதி நெரிசலில் அகப்பட்டிருப்பார் என்றார் காட்டதிகாரி. வைத்தியர் வந்தபிறகு சாப்பாட்டை மரக்குற்றியில் வைத்தால் போதும் என்றும் சொன்னார். சரியென்று இவர், கொதித்த பாயசத்தை ஆறவைக்க, பானையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு நடந்தார்.

“எங்கை போறியள்?”

“முழுகவேணும். முழுகாமல் படைக்க ஏலாது.”

“கரடிக்கு வைக்கிறதுக்கு என்ன முழுக்கு?”

“நேற்று எப்பிடிச் செய்தனோ அப்பிடித்தான் செய்வன்.”

எடுத்த காரியத்தில் ஒரு பிசகும் வரக்கூடாது அவருக்கு. கரையில் வைத்தால் எறும்பு மொய்க்கும் என்று பானையைத் தண்ணீருக்குள் கல்லில் வைத்துவிட்டு முழுகினார். காட்டதிகாரி ஒரு மரத்தோடு சாய்ந்து நின்று, குளிர் தண்ணீரில் முங்கி எழும்பும் இந்த மனிதரை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். விடுதிக்காரி என் பக்கத்தில் நின்றார்.

அவர் ஈரவேட்டியோடு, நெற்றியில் திருநீறோடு, பானையை ஏந்திக்கொண்டு புல்வெளியில் பாதிதூரம் வந்திருப்பார். கரடி வந்துவிட்டது. ஓடைப்பக்கமிருந்து, மணத்தைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் வந்தது. விடுதிக்காரி என் தோளை இறுக்கினார். காட்டதிகாரி துப்பாக்கியை இறக்கிக் கையில் எடுத்தார். நடக்க வேண்டாம், அப்படியே நில்லுங்கள் என்று அடிக்குரலில் சொன்னார்.

இவர் திரும்பிப் பார்த்தார். பயப்படவில்லை. பயந்து பானையைப் போட்டுவிட்டு விலகியிருந்தால் கரடி பானையோடு போயிருக்கும். துப்பாக்கியைக் கண்டதும் கரடியைக் காப்பாற்றத்தான் நினைத்தார். அதை மரக்குற்றிக்குக் கொண்டுபோய் வைத்தியர் வரும்வரை சாப்பிட வைக்க வேண்டும். அதனால் பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக்கொண்டு, நேற்றுக் காகத்தைக் கூப்பிட்ட அதே குரலில் அதைக் கூப்பிட்டார்.

“வா... வா... வா...”

கரடி அவரோடு நடந்தது. அவர் நின்றார். அதுவும் நின்றது. பிறகு, அவருடைய கையெட்டும் தூரத்தில், பின்காலில் எழுந்து முன்கால்களைத் தூக்கியது.

“அது கேக் கேட்குது, அது கேக் கேட்குது,” என்று விடுதிக்காரி ஜெர்மனில் கத்தினார். நானும் அதையேதான் தமிழில் கத்தினேன் என்று நினைக்கிறேன். இரண்டும் வெடிச்சத்தத்தில் போய்விட்டன.

கரடி உடனே விழவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே, கேட்டுக்கொண்டு நின்ற மாதிரியே நின்றது. பிறகு உட்கார்ந்து, பக்கவாட்டில் சரிந்தது. பானை கவிழ்ந்து பாயசம் புல்லில் ஓடியது. இவருடைய வேட்டியில், நெஞ்சில், முகத்தில் இரத்தம். அவருக்குத்தான் பட்டுவிட்டது என்று நினைத்து நான் ஓடினேன். கையால் தடவித் தடவிப் பார்த்தேன். அவருக்கு ஒன்றுமில்லை.

“ஏன் சுட்டனீங்கள்?” என்று அவர் காட்டதிகாரியைத் தமிழில் கேட்டார். தமிழில் கேட்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

காட்டதிகாரியின் முகம் வெளிறியிருந்தது. நீங்கள் நின்ற இடத்தில் வேறெதுவும் செய்ய முடியாது என்றார். எழுந்து நிற்கும் கரடிக்கு முன்னால் ஒரு மனிதனைக் கண்டால் யாராயிருந்தாலும் சுடுவார்கள் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவருடைய இடத்தில் நின்று, கையில் துப்பாக்கியும் இருந்திருந்தால், வவுனியாவில் பார்த்த முகத்தை நினைத்துக்கொண்டு நானும் சுட்டிருப்பேன். அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓரிடமும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதன்பிறகு காட்டதிகாரி செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். பக்கத்து மரத்தில் ஒரு சிறு கொப்பை முறித்துக்கொண்டு வந்து, முழந்தாளிட்டு, கரடியின் வாயைத் திறந்து பல்லுக்கிடையில் வைத்தார். இது என்ன என்று இவர் ஜெர்மனில் கேட்டார். கடைசிக் கவளம் என்றார் அவர். வேட்டையில் விழுந்த மிருகத்துக்கு வைப்பது வழக்கமாம். வைக்காமல் வேட்டைக்காரன் போக மாட்டானாம்.

இவர் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுப்படிக்குப் போய், சோற்றுப்பானையில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தார். முழந்தாளிட்டு, அந்தக் கொப்புக்குப் பக்கத்தில், கரடியின் வாய்க்குள் சோற்றை வைத்தார். எங்களுடைய வாய்க்கரிசிதான். செத்தவரின் வாயில் பிள்ளைகள் போடுவது. சோறு வெளியே சிந்தியது. சிந்தியதையும் பொறுக்கி உள்ளே வைத்தார். விடுதிக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒன்றைக் கொன்றுவிட்டு இரண்டு ஆண்கள் அதற்குச் சாப்பாடு ஊட்டுவதை நான் நின்று பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அவருடைய தோளைத் தொட்டு எழுப்பக்கூட எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் கூடாரத்தைக் கழற்றி மடித்துக்கொண்டிருக்கையில் வைத்தியர் வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போனார்.

ரயிலில் எங்களுக்கு எதிரே ஒருவரும் இருக்கவில்லை. அவர் சட்டை மாற்றியிருந்தார். காது மடலுக்குப் பின்னால் காய்ந்த இரத்தம் இருந்தது. கைலேஞ்சியை நனைத்து நான் துடைத்துவிட்டேன். அப்போதுதான் வாய் திறந்தார்.

“அப்பா சாகேக்கை நான் போகேல்லை. இது நான் கூப்பிட வந்து செத்தது.”

அப்படியில்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. எனக்குப் பொய் சொல்லத் தெரியும். நாளாந்தம் சின்னச் சின்னதாகச் சொல்லுகிறவள்தான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் வரவில்லை. லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மறுவருடம் திதி வந்தபோது அவர் குசினிப் பக்கமே வரவில்லை. நான் சமைத்து மேசையில் வைத்தேன். காகத்துக்கென்று ஒரு முட்டைக்கோவா இலையும் எடுத்து வைத்திருந்தேன். அவர் வந்து கதிரையைத் திருப்பிப் போட்டு, யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் அந்த இலையில் சோறு வைக்கக் கையை நீட்டியதும், “ஒருத்தரையும் கூப்பிடாதையும்,” என்று சொல்லிவிட்டு, எனக்கும் காத்திராமல், அவசரம் அவசரமாகச் சாப்பிடத் தொடங்கினார்.